தீயணைப்பு வீரர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை: எந்தப் பட்டியலை ஏற்பது?

அமெரிக்காவில் தீயணைப்புப் பணியில் இருப்பவர்களின் குடும்பங்களிலிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. நிலையத்துக்கு ஒரு நிறுவனம் வந்து, ஒரு முறை ரத்தம் எடுத்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடிவிடலாம் என்று சொல்லியிருக்கும். இன்னொரு நிறுவனம் ஸ்கேன் கருவியை வண்டியிலேயே கொண்டுவந்து, கழுத்திலிருந்து அடிவயிறு வரை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கும். குடும்ப மருத்துவரோ 45 வயது ஆகட்டும் என்கிறார். சங்கம் ஒரு பட்டியல் தருகிறது. அது மருத்துவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. துறையின் கையில் இருப்பதோ ஓர் ஆண்டு பட்ஜெட். எதைத் தேர்வது?

இந்தக் கவலை வெறும் பீதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி., 2022 ஜூனில் 8 நாடுகளைச் சேர்ந்த 25 அறிஞர்களை பிரான்சின் லியோன் நகரில் கூட்டியது. தீயணைப்புப் பணியே புற்றுநோய்க் காரணி என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) புகையிலையும் இருக்கும் அதே முதல் பிரிவு. 2007-ல் இதே அமைப்பு ஆராய்ந்தபோது ‘இருக்கக்கூடும்’ என்ற அளவில் 2பி பிரிவோடு நிறுத்தியிருந்தது. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா நகரங்களின் ஏறக்குறைய 30,000 தீயணைப்பாளர்களை 2009 வரை தொடர்ந்து பார்த்த, அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு அமைப்பான நியோஷின் ஆய்வில், பொதுமக்களைவிடப் புற்றுநோய் வருவது 9 சதவீதமும் அதனால் இறப்பது 14 சதவீதமும் கூடுதலாக இருந்தன. நுரையீரலின் மேலுறையில் வரும் மீசோதீலியோமா மட்டும் இரண்டு மடங்கு.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஒன்று, உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள். இயல்பாகவே பொதுமக்களைவிட நோய் குறைவாக இருக்க வேண்டியவர்கள். அப்படி இருந்தும் கூடுதல் என்றால் உண்மையான சுமை எண் காட்டுவதைவிடப் பெரியது. இரண்டு, ஒட்டுமொத்த ஆபத்து இரு மடங்கோ மும்மடங்கோ ஆகிவிடவில்லை. ஆகவே பொதுமக்களிடம் பயன் தராத ஒரு சோதனை, தீயணைப்பாளரிடம் மட்டும் திடீரென்று பயன் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த இரண்டாவது வாசிப்பை விற்பனைக்கு வருபவர்கள் சொல்வதில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

நோயறிகுறி இல்லாதவரைச் சோதிப்பதற்கான அடிப்படை விதிகளை 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிவைத்தார்கள். இன்றும் அவற்றைத் தாண்டி யாரும் அதிக தூரம் போய்விடவில்லை. தீயணைப்பாளருக்கு ஏற்ப அதை ஐந்து கேள்விகளாக நான் சுருக்கிக்கொள்கிறேன்.

அந்தப் புற்றுநோய் இவர்களிடம் உண்மையில் கூடுதலா? ஐ.ஏ.ஆர்.சி. போதிய சான்று இருப்பதாகச் சொன்னவை இரண்டே: மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய். ஓரளவு சான்று இருப்பவை பெருங்குடல், புராஸ்டேட், விரை, மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவை.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் இறப்பு குறைகிறதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒருவர் 60 வயதில் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 57-ல் அறிகுறி தெரிந்து நோயைக் கண்டுபிடித்தால் மூன்று ஆண்டு வாழ்ந்தார் என்று கணக்கு. பரிசோதனையில் 53-லேயே கண்டுபிடித்து, அதே 60-ல் இறந்தால் ஏழு ஆண்டு வாழ்ந்தார் என்று கணக்கு. எண் ஏறியிருக்கிறது, ஆயுள் ஒரு நாள்கூட ஏறவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் நான்கு ஆண்டு கூடியிருக்கிறது. ஆகவே ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம் என்ற பேச்சு போதாது. சோதித்த கூட்டத்தில் இறப்பு குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

பொய் எச்சரிக்கை வந்தவருக்கு என்ன நடக்கும்? அடுத்த ஸ்கேன், ஊசி, பயாப்ஸி, சில சமயம் அறுவை, எத்தனையோ தூங்காத இரவுகள். வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திருக்காத சிறு கட்டிக்குச் சிகிச்சை பெறுவதும் இதே கணக்கில்தான் வரும்.

அடுத்த கட்டச் செலவு யாருடையது? முடிவு யார் கைக்குப் போகிறது? முதல் சோதனையைத் துறை இலவசமாகத் தரலாம். அதற்குப் பின்னால் வரும் நான்கு சோதனைகள் காப்பீட்டில் வராமல் போகலாம். சோதனை முடிவு மேலதிகாரி மேசைக்குப் போகும் என்ற சந்தேகம் இருந்தால் ஆட்கள் வரவே மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு யார் பார்ப்பார்கள்? கல்நார்த் துகள் உள்ளே போய் மீசோதீலியோமா வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். துறையின் ஆண்டுப் பரிசோதனையோ ஓய்வு நாளோடு முடிந்துவிடுகிறது. ஆபத்து உச்சத்துக்கு வரும் வயதில் பட்டியலே இல்லை.

## முதல் வழி: பொதுமக்களுக்கான நெறிமுறையே போதும்

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு சொல்வது இது. பெருங்குடலுக்கு 45 முதல் 75 வயது வரை. மார்பகத்துக்கு 40 முதல் 74 வரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கருப்பை வாய்க்கு 21 முதல் 65 வரை. நுரையீரலுக்கு, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்ததற்குச் சமமான கணக்கு உள்ளவர்களுக்கு, அவர்கள் இன்னும் புகைப்பவர்களாகவோ கடந்த 15 ஆண்டுக்குள் நிறுத்தியவர்களாகவோ இருந்தால், ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையை 55 முதல் 69 வயதுக்காரர் மருத்துவரோடு பேசித் தானே முடிவு செய்யலாம்.

இதன் பலம் சான்று. சட்டப்படி காப்பீடு தனிக்கட்டணம் இல்லாமல் ஏற்கும் சோதனைகளும் பெரும்பாலும் இவைதான். அதனால் நான்காவது கேள்விக்கு இந்த வழி மட்டுமே நிம்மதியான பதில் தருகிறது.

பலவீனம் கண்கூடு. இந்தப் பட்டியல் தொழிலைக் கேட்பதே இல்லை. இருபது ஆண்டு புகைக்குள் போய் வந்தவரும் இருபது ஆண்டு அலுவலகத்தில் உட்கார்ந்தவரும் இதற்கு ஒன்று. இன்னொரு சிக்கல், நிலையத்தில் பாதிப் பேர் 45-ஐத் தொடாதவர்களாக இருந்தால் இந்தப் பட்டியல் அவர்களில் ஆண்களிடம் எதுவுமே சொல்லாது. ஒன்றும் செய்யவில்லை என்ற அந்த வெற்றிடத்தில்தான் வண்டியோடு வரும் நிறுவனம் வந்து நிற்கிறது.

இது யாருக்கு ஏற்றது? தன்னார்வத் தீயணைப்பாளர்களுக்கு. 2020 கணக்குப்படி அமெரிக்காவின் சுமார் 10.4 லட்சம் தீயணைப்பாளர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள். பெரும்பாலும் சிற்றூர்கள், துறைக்கென்று மருத்துவர் கிடையாது. அவர்களிடம் புதிய பட்டியலைத் திணிப்பதைவிட, இருக்கும் பட்டியலை முழுதாகச் செய்யவைப்பது பெரிய வெற்றி. குடல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் 52 வயதுக்காரருக்கு இதைவிட உதவும் சோதனை வேறெதுவும் சந்தையில் இல்லை.

## இரண்டாவது வழி: வயதைக் குறைத்த தனிப் பட்டியல்

தீயணைப்புத் துறைக்கான தரநிலைகளும் சங்கங்களின் வழிகாட்டிகளும் இந்தப் பக்கம் சாய்கின்றன: பொதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து ஆண்டு முன்னதாகத் தொடங்குவது, தோல், சிறுநீர் போன்ற சிலவற்றைச் சேர்ப்பது. குடல் பரிசோதனையை 40-லேயே தொடங்கச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு.

பார்த்தவுடன் நியாயமாகத் தெரியும் வழி. ஆனால் உறுப்பு உறுப்பாகப் பிரித்தால்தான் எது நிற்கிறது, எது சரிகிறது என்று புரியும்.

பெருங்குடல் நிற்கிறது. ஐ.ஏ.ஆர்.சி. பட்டியலில் இருக்கிறது, சோதனை இறப்பைக் குறைக்கிறது, குடல் சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு சதையைப் புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். வயதைக் குறைப்பதால் வரும் கேடும் சிறிது. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் துளை விழுவது 10,000 பேரில் சுமார் 3 பேருக்கு. அதற்கும் தயங்குபவருக்கு வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனை உண்டு. ஒரே சிக்கல் காப்பீடு: 45-க்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் யார் தருவார் என்பதைத் துறை முன்கூட்டியே எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

புராஸ்டேட் அரைகுறையாக நிற்கிறது. பணிக்குழுவின் கணக்கு இது: 55 முதல் 69 வயது வரையிலான 1,000 ஆண்களைத் தொடர்ந்து சோதித்தால் 240 பேருக்கு எச்சரிக்கை வரும். பயாப்ஸியில் 100 பேருக்குப் புற்று உறுதியாகும். 80 பேர் அறுவையோ கதிர்வீச்சோ செய்துகொள்வார்கள். அவர்களில் 50 பேருக்கு விறைப்புக் குறைபாடு, 15 பேருக்குச் சிறுநீரை அடக்க முடியாத நிலை. புராஸ்டேட் புற்றால் இறப்பதிலிருந்து தப்புபவர் ஒருவர் அல்லது இருவர். இதை 40 வயதுக்காரர்களுக்குக் கொண்டுபோனால் தப்புபவர் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். தொல்லையோடு வாழ வேண்டிய ஆண்டுகளோ நீளும். தந்தைக்கோ சகோதரனுக்கோ இருந்தவர்களும் கறுப்பின ஆண்களும் முன்னதாகவே மருத்துவரோடு பேசுவதில் நியாயம் இருக்கிறது. நிலையத்தில் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுப்பதில் இல்லை.

விரைப் புற்றுநோய் இவர்களிடம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் குணமாகும் நோய் அது. அதனாலேயே அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்க வேண்டாம் என்று பணிக்குழு வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டியோ வீக்கமோ தெரிந்தால் கூச்சப்படாமல் வா என்று சொன்னால் போதும். தோலை ஆண்டுப் பரிசோதனையின்போது ஒரு முறை முழுதாகப் பார்ப்பது பெரிய செலவில்லை. அதற்கும் திடமான சான்று இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு செய்யலாம்.

இனி வலிக்கிற இடம். ஐ.ஏ.ஆர்.சி. உறுதியாகச் சொன்ன இரண்டு புற்றுநோய்களுக்கும் நம்பகமான முன்சோதனை நம்மிடம் இல்லை. மீசோதீலியோமாவை முன்கூட்டியே கண்டுபிடித்து உயிர் காத்ததாக நிரூபித்த சோதனை கிடையாது. சிறுநீர்ப்பைக்கும், சோதிக்கச் சொல்லவோ வேண்டாமென்று சொல்லவோ போதிய சான்று இல்லை என்று பணிக்குழு கைவிரித்திருக்கிறது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருப்பதற்குக் கடும் உடற்பயிற்சி, கல், தொற்று என்று எத்தனையோ காரணம். எல்லோரையும் சோதித்தால் பலருக்குச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிவரும். எந்த நோய்க்காகத் தனிப் பட்டியல் கேட்கிறோமோ, அந்த நோய்க்கே பட்டியலால் உதவ முடியவில்லை. இதை மறைத்துவிட்டு, வேறு சோதனைகளை அடுக்கிப் பட்டியலை நீளமாக்குவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். மாறாக, சிறுநீர் ஒரே ஒரு முறை சிவப்பாகப் போனாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே மருத்துவரிடம் போய், தீயணைப்பாளர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியைப் பட்டியலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

## மூன்றாவது வழி: உடல் முழுக்க ஸ்கேன்

கேட்பதற்குக் கவர்ச்சி. உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும்.

தென்கொரியாவில் நடந்ததைச் சொன்னால் போதும். 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் தைராய்டு இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கூடவே கழுத்துக்கும் சிறு கட்டணத்தில் அல்ட்ராசவுண்ட் செய்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-ல் இருந்ததைவிட 15 மடங்கு ஆனது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் என்று சொல்லப்பட்டது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அறுவை. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் போயிற்று. தைராய்டு புற்றால் இறப்பவர் எண்ணிக்கை அசையவே இல்லை. வண்டியில் வரும் ஸ்கேன் பட்டியலில் தைராய்டு முதலிடத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

முழு உடல் எம்.ஆர்.ஐ.க்குத் தனியார் மையங்களில் 2,500 டாலர் அளவில் வாங்குகிறார்கள். அறிகுறியோ கூடுதல் ஆபத்தோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கழகம் 2023-ல் அறிவித்தது. கண்டுபிடிக்கப்படும் சிறுநீரக நீர்க்கட்டி, கல்லீரல் புள்ளி, நுரையீரல் முடிச்சு ஒவ்வொன்றையும் பின்தொடர வேண்டும். அதுவரை பணிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழும். மறைமுகச் செலவில் மிகப் பெரியது அதுதான்.

இந்த வழி மிகச் சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. லி-ஃபிராமெனி என்ற மரபுவழி நோய்க்குறி உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுகிறது. குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் புற்று வந்திருந்தால் துறையின் பட்டியலை விட்டுவிட்டு மரபணு ஆலோசகரிடம் போங்கள்.

## நான்காவது வழி: ஒரே ரத்தத்தில் பல புற்றுநோய்கள்

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான். கிரெய்ல் நிறுவனத்தின் கேலரி சோதனை 2021-லிருந்து விற்பனையில் இருக்கிறது. பட்டியல் விலை 949 டாலர். பல தீயணைப்புத் துறைகள் வாங்கியிருக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளில் புற்று அணுக்களின் முத்திரையைத் தேடுவது இதன் வேலை. அறிவியல் பொய்யில்லை. கேள்வி, அது நிலையத்தில் இருக்கும் ஆளுக்கு என்ன செய்கிறது என்பதே.

பாத்ஃபைண்டர் ஆய்வில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 6,621 பேரைச் சோதித்தார்கள். 92 பேருக்குப் புற்று அடையாளம் தெரிந்ததாக முடிவு வந்தது. தொடர்ந்து பார்த்ததில் 35 பேருக்கு உண்மையில் இருந்தது. 57 பேருக்கு இல்லை. எச்சரிக்கை வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வீணாகப் பயந்தார்கள். அதுவும் 50-ஐத் தாண்டியவர்களிடம். 30 வயதுக்காரரிடம் புற்றுநோயே அரிது என்பதால் எச்சரிக்கைகளில் பொய்யின் பங்கு இன்னும் கூடும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை மறுபக்கம். ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தபோது, முதல் நிலையில் இருந்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேரையே அது பிடித்தது. இரண்டாம் நிலையில் 40 சதவீதம். நான்காம் நிலையில் 90. எந்த நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அந்த நேரத்தில்தான் அதற்குக் கண் மங்கல். புராஸ்டேட்டில் பத்தில் ஒன்று, சிறுநீர்ப்பையில் மூன்றில் ஒன்று என்ற அளவிலேயே பிடித்தது. அதாவது தீயணைப்பாளர் பட்டியலில் இருக்கும் இந்த இரண்டு நோய்களில் அது பலவீனம். ‘அடையாளம் எதுவும் இல்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு கொலோனோஸ்கோப்பி வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் சோதனை அவருக்குத் தீங்கே செய்திருக்கிறது.

100 பேர் உள்ள துறையில் ஆண்டுக்கு 94,900 டாலர். அடுத்த ஆண்டும் அதே தொகை. இங்கிலாந்தில் 50 முதல் 77 வயது வரையிலான 1,40,000 பேரை வைத்து 2021-ல் தொடங்கிய பெரும் ஆய்வுகூட, முதலில் அளக்க எடுத்துக்கொண்டது முற்றிய நிலைப் புற்றுநோய்கள் குறைகின்றனவா என்பதைத்தான். இறப்பு குறைகிறதா என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

ஆகவே ஒழுங்கான ஆய்வின் பகுதியாக, ஒப்புதல் பெற்று, பின்தொடரும் செலவை ஆய்வே ஏற்பதாக இருந்தால் சேரலாம். தீயணைப்பாளர் கூட்டத்தில் இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. அன்பளிப்பாகவோ விழாப் பரிசாகவோ கொடுப்பதற்கான பொருள் இது இல்லை.

## ஒரே பார்வையில்

| கேள்வி | பொது நெறிமுறை | வயது குறைத்த பட்டியல் | முழு உடல் ஸ்கேன் | பல புற்றுநோய்களுக்கான ரத்தச் சோதனை |
|---|---|---|---|---|
| தொழில் ஆபத்தைக் கணக்கில் கொள்கிறதா | இல்லை | ஆம், ஓரளவு | இல்லை | இல்லை |
| இறப்பு குறைவதற்குச் சான்று | பெரும்பாலானவற்றுக்கு உண்டு | குடலுக்கு நெருங்கிய சான்று. மற்றவற்றுக்குப் பலவீனம் | இல்லை | நிரூபிக்கப்படவில்லை |
| பொய் எச்சரிக்கை | தெரிந்த அளவு | இளம் வயதில் கூடும் | மிக அதிகம் | எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் நீண்ட தேடல் |
| காப்பீடு | பெரும்பாலும் ஏற்கும் | வயதுக்கு முன் என்றால் சந்தேகம் | பெரும்பாலும் ஏற்காது | பெரும்பாலும் ஏற்காது |
| யாருக்கு | தன்னார்வலர். மருத்துவர் இல்லாத சிறு துறை | ஆண்டுப் பரிசோதனை ஒழுங்காக நடக்கும் துறை | மரபுவழி ஆபத்து உள்ளவர் | ஆய்வில் சேர்பவர் |

## நியூயார்க் காட்டிய வேறொரு பாதை

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத் தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. இடிந்த கோபுரங்களின் தூசியில் வேலை செய்து பின்னாளில் நோயில் இறந்த அத்துறையினரின் எண்ணிக்கையும் 2023-ல் 343-ஐ எட்டியது. இடையில் அந்தத் துறை செய்தது கவனிக்கத்தக்கது. புதுச் சோதனை எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சம்பவத்துக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பதிவு இருந்தது. அதே ஆட்களை, அதே மருத்துவக் குழு, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் பார்த்தது. அந்தத் தூசியால் நோயுற்றவர்களுக்கான சட்ரோகா சட்டம் கண்காணிப்பையும் சிகிச்சையையும் மத்திய அரசின் பொறுப்பாக்கியது. 2012-ல் அந்தச் சட்டம் ஏற்கும் நோய்களின் பட்டியலில் புற்றுநோய்களும் சேர்ந்தன.

2011-ல் வெளியான அவர்களது ஆய்வில் ஒரு நுட்பமான நேர்மை இருக்கிறது. தூசியில் நின்ற தீயணைப்பாளர்களுக்கு, நிற்காத தீயணைப்பாளர்களைவிட 32 சதவீதம் கூடுதல் புற்றுநோய் என்று கணக்கு வந்தது. அடிக்கடி பரிசோதிப்பதாலேயே சில நோய்கள் சீக்கிரம் கணக்கில் ஏறியிருக்கும் என்பதால், அவற்றின் நாளை இரண்டு ஆண்டு தள்ளிவைத்து மறுபடி கணக்கிட்டார்கள். 19 சதவீதம் ஆனது. தேடினால் கூடும் என்பதை, தங்களுக்குச் சாதகமில்லாத இடத்திலும் ஒப்புக்கொண்ட அந்தப் பழக்கம் நெறிமுறை எழுதும் ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டும்.

## ஒரு துறை கேட்டால் நான் எழுதித் தருவது

முதல் வழியை முழுதாக, இரண்டாவது வழியிலிருந்து குடலை மட்டும் உறுதியாக. முதல் ஆண்டில் செய்ய வேண்டியது, 45-ஐத் தாண்டிய எத்தனை பேர் குடல் பரிசோதனை பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பெயர் வெளியிடாமல் எண்ணுவது. 40 முதல் 44 வரை ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. கட்டணமும், அதில் சந்தேகம் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பிக்கான கட்டணமும் துறையுடையது. பி.எஸ்.ஏ.வுக்கு முன் மேலே சொன்ன 1,000 பேர் கணக்கைக் காட்டி ஒரு பேச்சு. புகைப்பழக்கம் இருந்தவருக்கு நுரையீரல் சி.டி.; இதிலும் மூன்று ஆண்டு சோதித்த பெரிய ஆய்வில் எச்சரிக்கைகளில் 96 சதவீதம் பொய்யாகவே முடிந்தன, ஆனாலும் நுரையீரல் புற்று இறப்பு 20 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முடிவுகள் மருத்துவரிடமே இருக்கும், தலைமை அதிகாரிக்குப் போகாது என்று எழுத்தில் ஓர் உறுதி. ஓய்வு பெறும் நாளில், எத்தனை ஆண்டு, எந்த மாதிரித் தீ, கல்நார், நுரைக்கலவை என்று ஒரு பக்க வெளிப்பாட்டுப் பதிவு, அவரது குடும்ப மருத்துவருக்கு.

மாநிலச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புளோரிடாவில் 2019 முதல், ஐந்து ஆண்டு பணிபுரிந்து, ஐந்து ஆண்டாகப் புகையிலை தொடாத தீயணைப்பாளருக்கு 21 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால் செலவின்றிச் சிகிச்சையும் 25,000 டாலரும் உண்டு. இப்படிச் சட்டம் இருக்கும் இடத்தில் பரிசோதனைக்கு வர ஆட்கள் தயங்குவது குறையும். இல்லாத இடத்தில் நோய் தெரிந்தால் வேலை போகுமோ என்ற பயமே முதல் தடை.

மிச்சப் பணத்தை ரத்தச் சோதனையில் போடாமல் உடையில் போடச் சொல்வேன். தீயிலிருந்து வெளியே வந்ததும் பாதுகாப்பு உடையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அதில் படிந்த, புகையில் இருக்கும் பி.ஏ.எச். என்ற நச்சு 85 சதவீதம் குறைந்தது. உலர்ந்த தூரிகையால் தேய்த்தபோது 23 சதவீதம்தான். கழுத்தைத் துடைதாளால் துடைத்தாலே தோலில் உள்ளது பாதிக்கு மேல் போகிறது. ஆளுக்கு இரண்டாவது செட் உடை இருந்தால்தான் முதலாவதைத் துவைக்கப் போட முடியும். மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நம்மால் செய்ய முடிவது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட தேசியத் தீயணைப்பாளர் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெயர் கொடுக்க நோய் இருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவரும் தன்னார்வலரும் சேரலாம்.

## தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்டால்

புகை ஒன்றுதான், ஐ.ஏ.ஆர்.சி.யின் முடிவு சென்னைக்கும் சிகாகோவுக்கும் சேர்த்தே. ஆனால் அமெரிக்கப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. இங்கே ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. அதற்கோ நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்களும் போதும். திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததில் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. கருப்பை வாய்க்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை திண்டுக்கல் மாவட்டத்தில் இறப்பை 35 சதவீதம் குறைத்ததும் 2007-ல் வெளியான ஆய்வு. துறையில் பெண்கள் இருக்கும் இன்று அது நேரடியாகப் பொருந்தும். அரசுத் திட்டத்திலேயே 30 வயது முதல் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை இருக்கிறது.

நுரையீரல் சி.டி.யில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. காசநோய் விட்டுச்சென்ற தழும்புகள் நம்மிடம் ஏராளம். அமெரிக்காவில் சந்தேக முடிச்சு என்று குறிக்கப்படும் புள்ளி இங்கே பழைய டி.பி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக ஊசி குத்திக்கொள்ளும் நிலை வரும். நிலையத்தில் முதலில் தொடங்க வேண்டியது வாய்ப் பரிசோதனையும், ஒவ்வொரு தீயையும் தேதியோடு குறித்துவைக்கும் ஒரு நோட்டும்.